சீட்டில் ‘ஆஞ்சைனா’ என்றிருந்தால் இதயம்தான் என்று யார் சொன்னது?

பிரான்சிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ ஊருக்கு வரும் உறவினரின் மருத்துவச் சீட்டில், நம்மூரில் இதய வலிக்கு வழங்கும் ‘ஆஞ்சைனா’ என்று வாசிக்கத்தக்க ஒரு சொல் இருந்துவிட்டால் போதும், அந்த வீட்டில் அன்று உலை ஏறாது. அண்மையில் என்னிடம் வந்த குடும்பமும் அப்படித்தான் வந்தது. பாரிஸில் வேலை பார்ப்பவர், விமானம் ஏறுவதற்கு முன் அங்குள்ள மருந்துக்கடையில் வாங்கிய சீட்டில் ‘ஆன்ஜின், பரிசோதனை பாசிட்டிவ்’ என்று இருந்திருக்கிறது. அதைக் கண்ட மைத்துனர், இதய அடைப்பு உறுதியாகிவிட்டது என்று தாமே தீர்மானித்து, தம் தந்தைக்கு இதய வலிக்கென்று எழுதிக்கொடுத்திருந்த சார்பிட்ரேட் மாத்திரையைப் பாரிஸ்காரரின் நாக்கின் அடியில் வைத்திருக்கிறார். காய்ச்சலோடு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதிருந்த மனிதர் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழ, அதையே மாரடைப்பு என்று நம்பி, ஆஞ்சியோகிராம் எடுத்தே தீர வேண்டும் என்ற உறுதியோடு அழைத்து வந்துவிட்டார்கள். ஈசிஜி இயல்பாக இருந்தது. டான்சில் இரண்டிலும் வெண்படலம் படர்ந்திருந்தது. அதுவரை அவரை வாயைத் திறந்து காட்டச் சொன்னவர் எவருமில்லை.

“டாக்டர், மருத்துவச் சொற்களெல்லாம் லத்தீன் சொற்கள்தானே, எல்லா நாட்டிலும் ஒரே பொருள்தானே?” என்று மைத்துனர் கேட்டார். படித்தவர்களிடமிருந்தே அதிகம் வரும் இந்தக் கேள்விதான் என் பொறுமையை மிகவும் சோதிப்பது. லத்தீன் என்பதால்தான் இந்தக் குழப்பமே. நெரித்தல், இறுக்குதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்த ‘ஆங்கினா’ என்ற சொல்லை ரோமானியர்கள் தொண்டையை அடைக்கும் நோய்க்கே வழங்கினார்கள். இதயத்துக்கும் அதற்கும் அன்று தொடர்பே இல்லை. 1768-இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர், நடக்கும்போது, குறிப்பாக மேட்டில் ஏறும்போது, மார்பைப் பிடித்து நெரிப்பதுபோல் வந்து, நின்றவுடன் விலகும் வலியை ஓர் உரையில் விவரித்து, அதற்கு ‘ஆஞ்சைனா பெக்டோரிஸ்’, அதாவது மார்பின் நெரிப்பு என்று பெயரிட்டார். அந்த உரை 1772-இல் அச்சாயிற்று. நாளடைவில் ஆங்கிலம் பேசும் மருத்துவர்கள் ‘பெக்டோரிஸ்’ என்ற பின்பாதியைப் பேச்சில் உதறிவிட்டு, முன்பாதியை மட்டும் இதயத்துக்கு வைத்துக்கொண்டார்கள். நாம் ஆங்கில வழியில் மருத்துவம் படித்ததால் அந்தச் சுருக்கமே நமக்கும் வந்து சேர்ந்தது. ஐரோப்பாவின் பல மொழிகளோ பழைய பொருளை விடவேயில்லை.

பிரெஞ்சில் ‘ஆன்ஜின்’ என்றால் தொண்டை அழற்சி. இதய வலியைச் சொல்ல ‘ஆன்ஜின் த புவாத்ரின்’ என்றோ ‘ஆன்கோர்’ என்றோ எழுதியாக வேண்டும். பாக்டீரியாவால் வந்த தொண்டை அழற்சியா என்று அறியும் உடனடிப் பரிசோதனையை அங்கே மருந்தாளுநரே செய்வார். 2024 முதல் முடிவைப் பார்த்து நுண்ணுயிர்க்கொல்லியையும் அவரே தரலாம். நம் மைத்துனர் கண்ட ‘பாசிட்டிவ்’ அதுதான். ஜெர்மானியர்கள் ‘அங்கீனா’ என்று தனியாகச் சொன்னால் டான்சில் வீக்கத்தையே குறிக்கிறார்கள். போலந்திலும் செக் நாட்டிலும் அப்படியே. ஸ்பானியர்கள் ‘ஆன்ஹினாஸ்’ என்று பன்மையில் சொல்வது தொண்டையை. ரஷ்ய மொழியிலும் ‘அங்கீனா’ தொண்டைதான். இதயத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஸ்டெனகர்தீயா’. (அதற்கு முன் வழங்கிய நாட்டுப்பெயரின் பொருள் ‘நெஞ்சுத் தேரை’. மார்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் தேரை! எங்கள் பாடநூல்களின் வருணனையைவிட இது எவ்வளவோ மேல்.) ரஷ்யாவில் படித்துத் திரும்பும் நம் பிள்ளைகள் இந்த வேறுபாட்டை நன்கு அறிவார்கள், வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் மொழிபெயர்ப்புச் செயலியை விட்டு அவரைக் கேளுங்கள்.

ஆங்கில மருத்துவமும் இந்த விஷயத்தில் அவ்வளவு சுத்தமில்லை. 1836-இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்த ‘லுட்விக் ஆஞ்சைனா’ தாடைக்கு அடியில் பரவும் கிருமித்தொற்று. பெரும்பாலும் சொத்தைப் பல்லில் தொடங்கி, மூச்சுப்பாதையையே அடைத்துவிடக்கூடியது. எங்கள் தேர்வுகளில் தேர்வாளர்களுக்குப் பிடித்த கேள்வி இது. தேர்வு முடிந்ததும் இதை மறந்துவிட்டு, பெயரைக் கண்டவுடன் நோயாளியை இதயப் பிரிவுக்கு அனுப்பும் இளம் மருத்துவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

இன்னொரு பாதி உண்மை இந்தக் குழப்பத்துக்கு எண்ணெய் வார்க்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டை அழற்சியைச் சரியாகக் குணப்படுத்தாவிட்டால், சில வாரங்கள் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வுகளைப் பழுதாக்கலாம். அது வால்வு நோய். ஆஞ்சைனா பெக்டோரிஸ் இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களின் நோய். ஆகையால் பிரெஞ்சுச் சீட்டில் எழுதிய அமாக்ஸிசிலினை, வலி குறைந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாமல் எழுதிய நாள் வரைக்கும் விழுங்குங்கள்; அதற்காக இதயத்துக்கென்று ஆஸ்பிரினையும் சேர்த்து விழுங்காதீர்கள்.

எதிர்த்திசையில் நடக்கும் பிழைதான் எனக்கு உண்மையான அச்சம். இதய நோயுள்ள ஒருவர் ஜெர்மனியில் மகள் வீட்டுக்குப் போயிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, உதவிக்கு அழைத்த இடத்தில் ‘அங்கீனா’ என்று மட்டும் சொன்னால், எதிர்முனையில் இருப்பவர் முதலில் நினைப்பது தொண்டையை. பிரான்சில் இன்னொரு குழியும் இருக்கிறது: ‘மால் ஓ கர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் இதயத்தில் வலி என்று வரும், பிரெஞ்சுக்காரருக்கு அது குமட்டல். எனவே நோயின் பெயரைச் சொல்லாமல் உடலின் நிலையைச் சொல்லுங்கள். நெஞ்சு வலி என்பதற்கு ஜெர்மனில் ‘புருஸ்ட்ஷ்மெர்ட்சன்’, பிரெஞ்சில் ‘துலேர் தான் லா புவாத்ரின்’. அவசர உதவிக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112. பிரான்சில் 15-ஐயும் சுவிட்சர்லாந்தில் 144-ஐயும் நேராகவே அழைக்கலாம்.

சீட்டை வாசிப்பவர்களுக்கும் சில சொல்லவேண்டும். ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு செயலியில் தேடாமல், அதற்குப் பக்கத்தில் இருப்பதையும் எழுதியிருக்கும் மருந்தையும் பாருங்கள்: பெனிசிலின் வகை என்றால் தொண்டை, சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் வகை என்றால் இதயம். ஜெர்மனியில் பணிவிடுப்புச் சான்றின் நோயாளிப் பிரதியில் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்க்குறியீடு இருக்கும். அது மொழிக்கு மொழி மாறாது. ஜே 02, ஜே 03 என்றால் தொண்டையும் டான்சிலும், ஐ 20 (I20) என்றால் இதயம். குறியீட்டின் பின்னொட்டையும் விட்டுவிடாதீர்கள். ‘ஜி’ என்றால் உறுதியானது, ‘வி’ என்றால் சந்தேகம், ‘இசட்’ என்றால் முன்பு இருந்தது, ‘ஏ’ என்றால் இல்லை என்று விலக்கப்பட்டது. ‘இல்லை’ என்று மருத்துவர் எழுதியதையே சான்றாகக் கொண்டுவந்து சிகிச்சை கேட்பவர்களிடம் நான் என்ன சொல்வது? ‘ஆந்த்ராக்ஸ்’ என்ற சொல்லுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: பிரெஞ்சில் அது பல கட்டிகள் சேர்ந்த சீழ்க்கட்டி, செய்திகளில் அஞ்சவைத்த அந்த நோய்க்கு அங்கே ‘ஷார்போன்’ என்று பெயர்.

இதய நோயோடு ஐரோப்பா செல்லும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ‘ஆஞ்சைனா பெக்டோரிஸ்’ என்ற முழுப்பெயரும் ஐ 20 என்ற குறியீடும் இருக்கட்டும். மாத்திரைகளை நம்மூர் வணிகப்பெயரில் எழுதாமல் ‘ஐசோசார்பைட் டைநைட்ரேட்’ என்பதுபோல் மருந்துப்பெயரில், அளவோடு எழுதச் சொல்லுங்கள். அதன் ஒரு பிரதியைப் பெட்டியில் பூட்டி வைக்காமல், மாத்திரை இருக்கும் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.