ரெஃப்யூசல்: மறுப்பா, நிராகரிப்பா?

ஒருவர் அழைத்தாலோ, உதவி கேட்டாலோ, யோசனை சொன்னாலோ அதை ஏற்காமல் சொல்லும் பதிலை மொழி ஆய்வாளர்கள் ‘ரெஃப்யூசல்’ என்பார்கள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். ‘திருப்பி ஊற்று’ என்ற லத்தீன் வினையே இதற்கு மூலம் என்பர். கடையில் நாம் கேட்கும் ‘ரீஃபண்ட்’டுக்கும் அதுவே வேர்.

தமிழில் ‘மறுப்பு’ போதும். ‘நிராகரிப்பு’ விண்ணப்பத்துக்குச் சரி. கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவரை யாரும் நிராகரிப்பதில்லை, ‘பார்க்கறனுங்க’ என்றுதான் சொல்வார்கள்.

அந்தப் ‘பார்க்கறனுங்க’வும் மறுப்புத்தான். 1990இல் லெஸ்லி பீபியும் உடன் ஆய்வாளர்களும் ஜப்பானியர் ஆங்கிலத்தில் மறுக்கும் விதத்தை ஆராய்ந்து, நேர் மறுப்பு, மறைமுக மறுப்பு என்று பிரித்தார்கள். நமக்கு இது பழைய சரக்கு. 13ஆம் நூற்றாண்டு நன்னூல் விடையை எட்டாகப் பிரிக்கிறது. ‘செய்வாயா?’ என்றால் ‘செய்யேன்’ என்பது மறை. ‘நீயே செய்’ என்பது ஏவல், ‘உடம்பு நொந்தது’ என்பது உற்றது உரைத்தல், ‘உடம்பு நோகும்’ என்பது உறுவது கூறல், ‘வேறொன்று செய்வேன்’ என்பது இனமொழி. பின் நான்கிலும் ‘இல்லை’ என்ற பேச்சே கிடையாது. கேட்டவருக்கு மட்டும் புரிந்துவிடும். அதை எழுதிய பவணந்தி, பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று கொங்கு நாட்டில் சொல்வார்கள். பொருத்தம்தான்!

பெண்களின் பேச்சில் தயக்கமும் பணிவும் கூடுதல் என்று 1975இல் மொழியியலாளர் ராபின் லேகாஃப் எழுதினார். ஆங்கிலம் கற்பவர்களிடம் பார்த்தால் அவ்வளவு நேராக இல்லை; கேட்பவர் மேலதிகாரியா, தோழியா என்பதும் பதிலை மாற்றுகிறது. தள்ளுவண்டிக்காரரிடம் ‘வேண்டாம் போ’ என்கிற அதே அம்மா, சீட்டுச் சேரச் சொல்லும் பெரியவரிடம் ‘வீட்டுல கேட்டுச் சொல்றனுங்க’ என்பார். தானே முடிவு சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கொங்கு மாணவருக்கு இன்னொரு சங்கடம், ‘நோ’வுக்குப் பின்னால் ‘ங்க’ ஒட்டாது. பையன் ‘நெக்ஸ்ட் வீக் சார்’ என்று நழுவுவான். ஞாயிறு வகுப்புக்குக் கூப்பிட்டால் பெண், ‘ஐ ஆஸ்க் மை ஃபாதர் சார்’ என்பாள். வெளியூர் ஆசிரியர் ‘ஐ வில் ஆஸ்க்’ என்று திருத்திவிட்டு, அவள் பெயரையும் வருகிறவர் பட்டியலில் எழுதிக்கொள்வார்.