டொமைன் வாங்கிய கையோடு திறந்து பார்க்காதீர்கள்

திருத்துறைப்பூண்டியில் மாப்பிள்ளைச் சம்பாவும் கருங்குறுவையும் விற்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “கடைப் பெயரில் ‘.இன்’ டொமைன் வாங்கினேன். பணம் போய்விட்டது, ரசீதும் வந்துவிட்டது. தம்பி போனில் வெப்சைட் திறக்கிறது. என் போனில் இப்படி ஒரு தளமே இல்லை என்கிறது. கேட்டால் 48 மணி நேரம் பொறுங்கள் என்கிறார்கள். மேட்டூர்த் தண்ணீர் மாதிரி மெதுவாகத்தான் வந்து சேருமா சார்?”

பதிவு செய்யும் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். உலகில் ஒவ்வொரு நாட்டுக்கும் இணைய முகவரியின் கடைசியில் வரும் ஈரெழுத்துக் குறியீடு ஒன்று உண்டு. ‘.இன்’ நமக்கு 1989இல் கிடைத்தது. 2005இலிருந்து அதன் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது நிக்ஸி என்கிற அமைப்பு. நிக்ஸியிடம் நாம் நேரே போவதில்லை. அதன் அங்கீகாரம் பெற்று டொமைன் விற்கும் ரெஜிஸ்ட்ரார் ஒருவரிடம் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அடையாள விவரம் கொடுத்து, ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பணம் கட்டுகிறோம். ரெஜிஸ்ட்ரார் பதிவேட்டுக்கு ஒரு கட்டளை அனுப்புவார். அதில் மூன்று விஷயங்கள் முக்கியம்: பெயர், யாருடையது, அந்தப் பெயரைப் பற்றிக் கேட்டால் எந்த நேம்சர்வர் பதில் சொல்லும். வெப்சைட்டில் இருக்கிற அரிசிப் படமோ விலைப்பட்டியலோ பதிவேட்டுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை.

சரி, மேட்டூருக்கு வருவோம். ஜூன் 12இல் அணையைத் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, தலைஞாயிறு பக்கம் கடைமடைக்குப் போய்ச் சேர நாள் பிடிக்கும். டொமைனும் இப்படித்தான் ஊர் ஊராகப் பரவுகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். விற்கிற கம்பெனிக்காரர்களே ‘பரவ நேரமாகும்’ என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் எதுவும் பரவுவதில்லை. உங்கள் டொமைனை மேலிருந்து யாரும் திறந்துவிடுவதில்லை. யாராவது கேட்டால்தான் பதில் நகரும்.

கேட்கிற வேலையைச் செய்வது ரிசால்வர். உங்கள் இணைய இணைப்பைக் கொடுத்தவர் வைத்திருக்கும் ஒரு கணினி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கடைப் பெயரைத் தட்டியதும் அது முதலில், எல்லாத் தேடலுக்கும் தொடக்கமான ரூட் சர்வரிடம் போகும். ரூட் சர்வருக்கு உங்கள் கடை தெரியாது, “‘.இன்’னா? இந்த இடத்தில் கேள்” என்று கைகாட்டும். அங்கே போனால், “இந்தப் பெயருக்கு இன்ன நேம்சர்வர்” என்று இன்னொரு கைகாட்டல். அந்த நேம்சர்வர்தான் கடைசியில் வெப்சைட் இருக்கும் கணினியின் எண் முகவரியைத் தரும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த ஏற்பாடு இது. உலகப் பெயர்களை எல்லாம் ஒரே பட்டியலில் வைத்திருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

அப்படியானால் 48 மணி நேரம் எங்கிருந்து வந்தது? ரிசால்வரின் ஞாபகத்திலிருந்து. ஒவ்வொரு பதிலோடும் ‘இதை இத்தனை நொடி நம்பலாம்’ என்று ஓர் எண் வரும். டிடிஎல் என்பார்கள். அதுவரை ரிசால்வர் மறுபடி யாரையும் கேட்காது, ஞாபகத்தில் இருப்பதையே எடுத்துக் கொடுக்கும். ‘.காம்’ பெயர்களின் நேம்சர்வர் விவரத்துக்கு இந்த எண் 1,72,800. கணக்குப் போட்டால் சரியாக 48 மணி நேரம்.

ஆனால் நம் வாசகருடையது புத்தம் புதுப் பெயர். பழைய பதில் எதுவும் எந்த ரிசால்வரிடமும் இருக்க வாய்ப்பில்லையே? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி வருகிறது. ரிசால்வர் ‘இருக்கிறது’ என்ற பதிலை மட்டுமல்ல, ‘இல்லை’ என்ற பதிலையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். தப்பும் தவறுமாகத் தட்டப்படும் பெயர்களுக்காக ஒவ்வொரு முறையும் மேலே போய்க் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ‘இல்லை’யை எவ்வளவு நேரம் நம்பலாம் என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை, ‘.இன்’ பதிவேடு தீர்மானிக்கிறது. ஒரு மணி முதல் மூன்று மணி நேரம் வரை வைத்தால் நன்றாக வேலை செய்கிறது என்கிறது 1998இல் வந்த ஒரு விதிமுறை.

நடந்தது அநேகமாக இதுதான். அண்ணன் பணம் கட்டுவதற்கு முன்போ, கட்டிய கையோடோ, ஆவலில் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறார். பதிவேடு அந்தப் பெயரை வெளியிடச் சில நிமிடங்களாவது ஆகும். அதற்குள் கேட்டதால் அவர் வீட்டு ஃபைபர் இணைப்பின் ரிசால்வருக்கு ‘இல்லை’ என்று பதில் கிடைத்து, அதை அது பிடித்துவைத்துக்கொண்டது. தம்பியோ மொபைல் டேட்டாவில் இருக்கிறார். அது வேறு ரிசால்வர், முதல்முறையாகச் சற்றுப் பிந்திக் கேட்டது, சரியான பதில் வாங்கிவிட்டது. ஒரே திண்ணையில் இரண்டு போன், இரண்டு பதில். ஆக, பார்க்காமல் இருந்தவருக்கு முதலில் திறந்தது, அவசரப்பட்டவருக்குத் தாமதம்! திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் செய்வதால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நொடிகள் அது பாட்டுக்குக் குறைந்துகொண்டிருக்கும். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்த்தாலே பெரும்பாலும் விடை தெரிந்துவிடும்.

நல்ல நேரம் பார்த்து டொமைன் வாங்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். புதன்கிழமை 12லிருந்து 1.30 வரை ராகு காலம், ஆகவே கார்டைத் தேய்க்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பதிவேட்டின் கடிகாரமோ உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் பகல் 12 மணி அதற்குக் காலை 6.30. ராகு எந்தக் கணக்கைப் பார்ப்பார் என்று நான் கேட்டால் முறைக்கிறார்கள். பின்னால் என்றைக்காவது வெப்சைட்டை வேறு கணினிக்கு மாற்றுவீர்கள். அதற்கு முதல்நாளே முகவரிப் பதிவின் டிடிஎல்லை 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள். பெரும்பாலான ரிசால்வர்கள் ஐந்து நிமிடத்தில் பழையதை மறந்துவிடும். பஞ்சாங்கத்தால் இதைச் செய்ய முடியாது.

‘.இந்தியா’ என்று தமிழிலேயே வாங்கலாமே என்றும் அவர் கேட்டிருந்தார். தாராளமாக. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என மூன்று நாடுகளுக்குத் தமிழில் முகவரி முடிவு உண்டு. உள்ளே ஓடும் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கோடும் கலந்த ஒரு சரம். தட்டிய தமிழை பிரவுசர் அப்படி மாற்றிக்கொண்டுதான் கேட்கும். தொல்லை அங்கே இல்லை. தமிழ் டொமைனில் இமெயில் முகவரி வைத்துக்கொண்டால் பல விண்ணப்பப் படிவங்கள் ‘செல்லாது’ என்று திருப்பிவிடும். தமிழ் டொமைன்களின் தொடக்க விழாவுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தை இந்தப் படிவங்களைத் திருத்தும் சின்னப் பொறியியல் வேலைக்கு ஒதுக்கினால் போதும் என்பது என் நெடுநாள் புலம்பல். அதுவரை அரிசிப் பையில் ‘.இன்’ முகவரியை அச்சடித்துவிட்டு, ‘.இந்தியா’வை வாங்கி அதே தளத்துக்குத் திருப்பிவிடுங்கள். இரண்டையும் ஒரே தேதியில் புதுப்பிக்கிற மாதிரி வைத்துக்கொண்டால் ஒன்றை மறக்க மாட்டீர்கள்.