ஆப்ட்-இன், ஆப்ட்-அவுட்: ‘உள்நுழை’, ‘வெளியேறு’ அல்ல

பயனர் கேட்டால்தான் ஒரு வசதி இயங்கும் என்பது ‘ஆப்ட்-இன்’ முறை. கேட்காமலே இயங்கும், விரும்பாதவர் நிறுத்திக்கொள்ளலாம் என்பது ‘ஆப்ட்-அவுட்’ முறை. மென்பொருள்களைத் தமிழாக்குவோர் சிலர் ‘ஆப்ட்-இன்’ என்பதை ‘உள்நுழை’ என்றும், ‘ஆப்ட்-அவுட்’ என்பதை ‘வெளியேறு’ என்றும் எழுதிவருகின்றனர். அவ்விரு சொற்களும் பயனர் தம் கணக்கினுள் செல்வதற்கும் அதிலிருந்து வெளிவருவதற்கும் என்றோ நிலைத்துவிட்டவை. எழுதவும் திருத்தவும் உதவும் மென்பொருளான உரைத்தொகுப்பானில் தானியங்கித் திருத்தத்தை மட்டும் நிறுத்த விரும்புபவர் ‘வெளியேறு’ என்ற பொத்தானைக் கண்டால், அதைத் தொடவே தயங்குவார்.

‘ஆப்டாரே’ என்னும் இலத்தீன் வினைக்கு விரும்புதல், தேர்தல் என்பன பொருள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. இந்த வேரைக் காட்டித்தான் மற்றொரு சாரார் ‘தெரிவு செய்’, ‘தெரிவு நீக்கு’ என்கின்றனர். முதல் பெயர்ப்பை விட இது மேலானதே. ஆயினும், உரைத்தொகுப்பானில் ‘தெரிவு செய்’ என்றால் எழுத்துகளின் மேல் சுட்டியை இழுத்து ஒரு பகுதியைப் பிடிப்பது என்றே பயனர் கொள்வார். அதைவிடப் பெரிய குறை, கேட்காமலே ஒரு வசதி இயங்குமா, கேட்டால்தான் இயங்குமா என்னும் வேறுபாடு இச்சொற்களில் அடியோடு மறைந்துவிடுவது. பயனர் வாய் திறக்காதிருந்தால் ஆப்ட்-இன் முறையில் அது மறுப்பு. ஆப்ட்-அவுட் முறையில் அதுவே இசைவு.

இவ்வேறுபாடு சிறிதன்று. 2013 ஜூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் விசுவல் எடிட்டர் என்னும் தொகுப்புக் கருவி, புகுபதிகை செய்த பயனர்களுக்கு இயல்பாகவே இயக்கப்பட்டது. பலத்த எதிர்ப்புக்குப் பின், அதே ஆண்டு செப்டம்பரில், விரும்பியவர் மட்டும் இயக்கிக்கொள்ளும் வசதியாக அது மாற்றப்பட்டது. கருவி அதேதான், சர்ச்சையின் பெரும்பகுதி அதன் தொடக்க நிலையைப் பற்றியது. 2016இல் வெளிவந்த விம் 8 என்னும் உரைத்தொகுப்பான் இதைக் கோப்புறைகளிலேயே பிரித்துக்காட்டுகிறது: ‘ஸ்டார்ட்’ கோப்புறையில் இட்ட செருகுநிரல், அதாவது கூடுதல் வசதி தரும் துணை நிரல், தானாகவே ஏறும், ‘ஆப்ட்’ கோப்புறையில் இட்டது ‘பேக்ஆட்’ கட்டளை கொடுத்தால்தான் ஏறும்.

எனவே ஆப்ட்-இன் என்பதற்கு ‘வேண்டிப் பெறுதல்’ என்றும், ஆப்ட்-அவுட் என்பதற்கு ‘வேண்டாமென விலக்குதல்’ என்றும் சொல்வதே தகும். வேண்டு, வேண்டாம் என்பவை பள்ளிப்பிள்ளைக்கும் விளங்கும் சொற்கள். செயல் யாருடையது என்பதையும் அவை ஐயமின்றி உணர்த்துகின்றன. நீளம் மிகுதி என்பர். பொத்தானில் ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று சுருக்கிக்கொள்ளத் தடையில்லை.

திரையைப் பாராமல் சொற்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பெயர்க்கும் வழக்கம் நீடிக்கும்வரை இக்குழப்பம் தீராது. ஒரு வசதியின் பெயர்ப்பை ஏற்கும் முன், அது முதலில் இயங்கும் நிலையில் உள்ளதா, அணைந்த நிலையில் உள்ளதா என்பதைப் பெயர்ப்பாளர் மென்பொருளைத் திறந்து பார்த்தாக வேண்டும். இயங்கும் நிலையில் இருப்பின், ‘இவ்வசதி இப்போது இயங்குகிறது, வேண்டாமெனில் விலக்கிக்கொள்ளலாம்’ என்ற ஒரு வரியைப் பொத்தானின் அருகிலேயே எழுத வேண்டும்.