பதினாறு வயதுக்கு ஏன் விடிவதில்லை?

பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ படிக்கும் பிள்ளை இருக்கும் பல வீடுகளில் பொழுது சண்டையோடுதான் விடிகிறது. நான்கரைக்கு அலாரம் அடிக்கிறது. அம்மா காபி போட்டு வைத்துவிட்டு எழுப்புகிறார். ஐந்துக்கு மறுபடியும் எழுப்புகிறார். ஐந்தரைக்கு அப்பாவின் குரல் உயர்கிறது. "ராத்திரி பன்னிரண்டு வரை விழித்திருந்தால் காலையில் எப்படி எழ முடியும்?" கேள்வி நியாயமானது. ஆனால், பத்து மணிக்கே படுத்தாலும் அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் வராது என்பது பெற்றோர் பலருக்குத் தெரிவதில்லை.

கண்ணிலிருந்து வரும் நரம்புகள் மூளையின் அடிப்பகுதியில் குறுக்காகக் கடக்கின்றன. அந்த இடத்துக்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். இரவு நெருங்கியதும் அதன் கட்டளைப்படி மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது; உடல் தூக்கத்துக்குத் தயாராகிறது. பருவமடையும்போது இந்தச் சுரப்பு தொடங்கும் நேரம் பின்னுக்குப் போகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்கே கண் சொக்கிய பிள்ளை, பதினாறு வயதில் பதினொரு மணிக்கும் தெளிவாக விழித்திருக்கிறது.

அமெரிக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடன் 1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கோடை முகாம்களில் சிறார்களின் தூக்கத்தை ஆண்டுதோறும் அளந்தார். வயது ஏறினால் தூக்கத் தேவை குறையும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. அது குறையவில்லை. 1993இல் அவரது குழு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரே வகுப்பில் படித்தாலும், உடல் வளர்ச்சியில் முந்தியவர்கள், குறிப்பாகச் சிறுமிகள், இரவில் விழித்திருப்பதையே அதிகம் விரும்பினார்கள். பருவமடையும் குரங்குகளிடமும் எலிகளிடமும்கூட இதே போன்ற நேர மாற்றம் பதிவாகியிருக்கிறது. செல்போனும் வீட்டுப்பாடமும் இதைக் கூட்டலாம்; தொடங்கிவைப்பது உடல்தான்.

கடிகாரத்தோடு வேறொன்றும் சேர்ந்துகொள்கிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் போன்ற வேதிப்பொருள்கள் சேர்ந்து, பசி ஏறுவதுபோலத் தூக்க அழுத்தம் ஏறுகிறது. பதின்பருவம் முதிர முதிர இந்த ஏற்றம் மெதுவாகிறது. அதனால் சிறு குழந்தை தாங்க முடியாத நேரத்தையும் பதினாறு வயது எளிதாகக் கடந்துவிடுகிறது.

தூங்கும் நேரம்தான் தள்ளிப்போகிறதே தவிர, தேவை அப்படியே இருக்கிறது. 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் 2016ஆம் ஆண்டுப் பரிந்துரை. பதினொன்றரைக்குத் தூங்கி நான்கரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம்தான் மிஞ்சும். கடிகாரம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போன ஒரு பிள்ளையை நான்கரைக்கு எழுப்புவது, அப்பாவை இரண்டரைக்கு எழுப்பி இயற்பியல் படிக்கச் சொல்வதற்குச் சமம்.

'அதிகாலையில் படித்தால் மனதில் நிற்கும்' என்பது நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. இரவு எட்டு மணிக்கே ஊர் அடங்கிய காலத்தில் அதில் பொருள் இருந்தது. நான்கு மணிக்குள் எட்டு மணி நேரம் தூங்கி முடித்திருப்பார்கள். இன்று பதினொன்றரைக்குப் படுக்கும் பிள்ளையிடம் அதே வழக்கத்தைத் திணிக்கும்போது, படித்ததைத்தான் நாம் பறிக்கிறோம். பகலில் கற்றவை ஆழ்ந்த தூக்கத்தில் மூளையில் மீண்டும் ஓட்டப்பட்டு, நிலையான நினைவாகின்றன. கனவுகள் மிகுந்த தூக்கம் பெரும்பாலும் இரவின் கடைசிப் பகுதியில் வருகிறது. உணர்ச்சிகளைச் சீர்படுத்துவதில் அதற்குப் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. நான்கரை மணி அலாரம் வெட்டுவது அந்தப் பகுதியைத்தான்.

2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஓர் இரவு முழுவதும் தூங்காத இளைஞர்களுக்கு மனத்தைக் கலக்கும் படங்களைக் காட்டினார்கள். அச்சத்தையும் கோபத்தையும் தூண்டும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி, நன்றாகத் தூங்கியவர்களிடம் இருந்ததைவிட 60 சதவீதம் கூடுதலாகக் கிளர்ந்தது. அதைக் கட்டுப்படுத்தும் முன்மூளையோடு அதன் தொடர்பும் தளர்ந்திருந்தது. ஒரு சொல் சொன்னால் பத்துச் சொல்லாகத் திரும்பிவருவதில், கதவை அறைந்து சாத்துவதில், தூக்கக் கடனுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்று பெற்றோர் யோசிப்பது நல்லது. திமிர் என்று முடிவு கட்டுவதற்கு முன், கடந்த ஒரு வாரம் அந்தப் பிள்ளை எத்தனை மணி நேரம் தூங்கியது என்று எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னுக்கு இழுக்க முடியும். கருவி, வெளிச்சம். பார்ப்பதற்கு அல்லாமல், வெளிச்சத்தின் அளவைத் தலைமைக் கடிகாரத்துக்கு அறிவிப்பதற்கென்றே விழித்திரையில் சிறப்புச் செல்கள் இருப்பது 2002இல் தெரியவந்தது. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி அவற்றை அதிகம் தூண்டுகிறது. காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னே இழுக்கும். இரவு வெளிச்சம் பின்னே தள்ளும். எழுந்ததும் அரை மணி நேரம் மொட்டை மாடியிலோ தெருவிலோ நடப்பதும், பள்ளிக்குச் சைக்கிளில் போவதும் உண்மையான மருந்து. நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால், இருட்டில் எழுந்து குழல்விளக்கின் கீழ் அமர்பவருக்கு அது கிடைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வரை தூங்கவிட்டால், காலை வெளிச்சம் தவறிப்போய் அன்றிரவு தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும். மீதிக் களைப்புக்கு மதியம் இருபது நிமிடக் குட்டித் தூக்கம் போதும். டியூஷன் முடிந்து குடிக்கும் காபியையும் கவனியுங்கள். அதிலுள்ள காஃபின் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. இரவில் செல்போன்கள் கூடத்தில் சார்ஜ் ஆகட்டும், அப்பா அம்மாவின் போன்களும் சேர்த்து. பிள்ளைக்கு மட்டும் சட்டம் என்றால் அது நிற்காது.

வீட்டுக்குள் செய்வதற்கு ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016இல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தை 7.50இலிருந்து 8.45க்கு மாற்றியது. மாணவர்களின் தூக்கம் நாளொன்றுக்கு 34 நிமிடங்கள் கூடியது. கலிஃபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்பது சட்டம். இங்கோ, பொதுத்தேர்வு நெருங்கினால் விடியற்காலைச் சிறப்பு வகுப்புகள் வைக்கும் பள்ளிகள் பல. தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்குகிறது; நீட் தேர்வு பிற்பகல் 2 மணிக்கு. மூளை கூர்மையாக இருக்க வேண்டியது அந்த நேரங்களில்தான். பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்தில் இதை எழுந்து கேட்பது பிள்ளைக்குச் செய்யும் பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன்.

இந்தத் தள்ளிப்போதல் நிரந்தரமும் அல்ல. ஜெர்மன் ஆய்வாளர் டில் ரோன்னபெர்க்கின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வின்படி, அது ஏறத்தாழ 20 வயதில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லத் திரும்புகிறது.

எல்லாத் தூக்கச் சிக்கலையும் வயதின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. பலத்த குறட்டை, மூச்சு தடைப்படுவது, போதிய நேரம் தூங்கியும் தீராத அசதி இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கம் கெட்டு, அதோடு நண்பர்களையும் பிடித்த விளையாட்டையும் ஒதுக்கி, உணவிலும் நாட்டமில்லாமல் பிள்ளை இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது காத்திருக்க வேண்டாம். அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.