இரவில் வாய் திறக்கும் ஆர்க்கிட்

பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் குடியரசு நாள் மலர்க்காட்சி முடிந்ததும் எனக்குச் செடிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை முதலில் எழுதியவர் அல்சூரில் வசிக்கும் ஒரு வாசகி. காட்சி பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஊதா நிறத்தில் ஓர் ஆர்க்கிட் தொட்டி வாங்கியிருக்கிறார். வீட்டில் நல்ல வெளிச்சம் வருவது படுக்கையறையின் கிழக்குச் சன்னலில் மட்டும்தான். "ராத்திரியில் செடி கரியமில வாயு விடும், குழந்தை தூங்குகிற அறையில் வைக்காதே என்கிறார் அத்தை. இது ராத்திரியிலும் ஆக்சிஜன் தரும் செடி, தாராளமாக வையுங்கள் என்று விற்றவர் சொன்னார். யார் சொல்வது சரி சார்?"

இரண்டு பேர் சொல்வதும் இந்தச் செடிக்குப் பொருந்தாது. அத்தை சொல்வதற்காவது ஓர் அடிப்படை இருக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் வெறும் சுவாசம் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். பெரும்பாலான செடிகள் அப்படித்தான். ஆனால் வாசகி அனுப்பிய படத்தில் இருப்பது ஃபலனாப்சிஸ் என்ற ஆர்க்கிட் வகை. அதன் வழியே வேறு.

ஃபலனாப்சிஸின் சொந்த ஊர் வெப்பமண்டல ஆசியாவின் காடுகள். மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளரும். மண்ணோடு அதற்கு உறவே இல்லை. மழை பெய்தால் வேரின் மேலுள்ள பஞ்சு போன்ற உறை சட்டென்று தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மழை நின்றால் சீக்கிரமே காய்ந்துவிடும். அடைமழைக் காட்டுக்குள் இருந்தாலும் கிளை மேல் வாழ்பவருக்குத் தண்ணீர்ப் பஞ்சம்தான்.

இப்போது இலையின் சிக்கலைப் பாருங்கள். உணவு தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும். அது உள்ளே வர இலைத்துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியே போகும். சாதாரணச் செடிகளில் ஒரு மூலக்கூறு கரியமில வாயு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் வெளியேறிவிடுகின்றன. தரையில் நிற்கும் மாமரத்துக்கு அது கட்டுப்படியாகும். கிளையில் தொங்கும் ஆர்க்கிட்டுக்குக் கட்டாது.

அதனால் அது பகல் முழுக்கத் துளைகளை மூடிக்கொள்கிறது. பொழுது சாய்ந்து, காற்று குளிர்ந்து, ஈரப்பதம் ஏறிய பிறகு திறக்கிறது. ஆனால் கரியமில வாயு வந்து சேரும்போது வெயில் இல்லை. வெயில் இல்லாமல் சர்க்கரை செய்ய முடியாது. என்ன செய்வது? சேர்த்து வைக்க வேண்டியதுதான். பெப் கார்பாக்சிலேஸ் என்ற நொதி அந்த வாயுவைப் பிடித்து வேறொரு சேர்மத்தோடு இணைத்துவிடுகிறது. அது மாலிக் அமிலமாக மாறுகிறது. பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுகிறதே, அதே அமிலம். இலையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு பெரிய நீர்ப்பை உண்டு. விடிய விடிய அமிலம் அதில் நிரம்புகிறது. சதைப்பற்றுள்ள இலை எதற்கு என்றால் இதற்கும்தான்: அது அமிலத் தொட்டி.

விடிந்ததும் துளைகள் மூடுகின்றன. அமிலம் பையிலிருந்து கசிந்து வந்து, உடைந்து, கரியமில வாயுவாகிறது. மூடிய இலைக்குள் அதன் செறிவு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு ஏறுகிறது. வெயிலும் வந்துவிட்டது. இனி வழக்கமான ஒளிச்சேர்க்கை. இதில் என்னை மயக்குவது ஒரு நுட்பம். உடைந்து வரும் வாயுவைப் பெப் நொதியே மறுபடி பிடித்து அமிலமாக்கிவிட்டால் எல்லாம் வீண். அப்படி நடக்காமல், செடியின் உயிர்க்கடிகாரம் அந்த நொதியை இரவில் முடுக்கிவிட்டு, பகலில் அடக்கி வைக்கிறது.

இந்த இரவுப் புளிப்பை நாக்கால் கண்டறிந்து எழுதியவர் ஒருவர் நம் பக்கத்தில் வாழ்ந்தவர். பெஞ்சமின் ஹெய்ன், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடிக்கு வந்த மதபோதகர். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர். இதே லால்பாக் தோட்டமும் சில காலம் அவர் பொறுப்பில் இருந்தது. ரணகள்ளி இலையைக் காலையில் கடித்தால் நல்ல புளிப்பு, நடுப்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு என்று அவர் எழுதிய கடிதம் 1815இல் லண்டனில் அச்சானது. அந்தப் புளிப்புக்கான வேதியியல் முழுமையாகத் துலங்க நூறாண்டுக்கு மேல் ஆனது. (நீங்கள் கடிக்க வேண்டாம், ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு உண்டு. என் பால்கனிச் செடியின் இலையை நசுக்கி, அமிலத்தன்மை காட்டும் பி.எச். தாளில் தொட்டுப் பார்ப்பேன். காலைக்கும் மாலைக்கும் நிற வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.) நாம் துவையல் அரைக்கும் பிரண்டையின் தண்டும், அன்னாசியும், சப்பாத்திக்கள்ளியும் இதே வழிக்காரர்கள்.

ஒரு செடியை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இன்று யார் பணம் தருவார்கள்? மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆர்க்கிட்களில் எவையெல்லாம் இரவில் வாய் திறக்கின்றன என்று பார்க்கப் பெரிய கருவிகள் வேண்டாம். விடியலிலும் அந்தியிலும் இலைச்சாற்றின் அமிலத்தை அளக்கக் கல்லூரி ஆய்வகம் போதும். ஒரு மாணவருக்கு மூன்று ஆண்டு உதவித்தொகையும் காட்டுக்குப் போய்வரப் பேருந்துச் செலவும் கொடுத்தால் நடக்கும். உடனடிப் பயன் என்ன என்று கேட்டே இத்தகைய வேலைகளைத் தள்ளி வைப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

சரி, படுக்கையறைக்கு வருவோம். ஆக்சிஜன் உருவாவது ஒளியால் நீர் பிளக்கும்போது. இருட்டில் எந்தச் செடியும் அதைச் செய்யாது, ஃபலனாப்சிஸும்தான். அது இரவில் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வது உண்மை. ஆனால் எவ்வளவு? இலைப் பரப்பை வைத்துக் கணக்குப் போட்டேன். ஓர் இரவுக்கு அரை கிராம்கூடத் தேறாது. தூங்கும் பெரியவர் ஒருவர் எட்டு மணி நேரத்தில் 150 கிராமுக்கு மேல் வெளிவிடுகிறார். ஆக, குழந்தைக்குத் தீங்கும் இல்லை, காற்றுச் சுத்திகரிப்பும் இல்லை. பயப்படாமல் அந்தச் சன்னலிலேயே வையுங்கள்.

பெங்களூருக் குளிர்காலம் இதற்கு வாய்த்த காலம். வெளியே விடியற்காலையில் 15 டிகிரி வரை இறங்கும். அது ஃபலனாப்சிஸுக்குக் கொஞ்சம் அதிகக் குளிர். வீட்டுக்குள் 20ஐ ஒட்டி நிற்கும், அதுதான் வேண்டும். இரவு புழுக்கமாக இருந்தால் பையில் அமிலம் சரியாகத் தங்காது. தவிர, வெப்பநிலை 25க்குக் கீழே சில வாரங்கள் தொடர்ந்தால்தான் இந்தச் செடி புதுப் பூந்தண்டு விடும். தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள், அதுவும் வேர் வெள்ளி நிறத்துக்கு வந்த பிறகு. பச்சையாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி இரவுக் குளிரில் நின்றால் அழுகிவிடும். பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள். வாழைப்பழச் சீப்பைப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயுவில் பூக்கள் சீக்கிரம் வாடும்.

இப்போதுள்ள பூ உதிர்ந்து, அடுத்த குளிர்காலத்தில் இலை இடுக்கிலிருந்து ஒரு முளை எட்டிப் பார்க்கும். நுனி மழுங்கி உருண்டையாக இருந்தால் அது வேர். விரல் மடக்கிய கையுறை போல ஒரு பக்கம் சாய்ந்த நுனி தெரிந்தால், அதுதான் பூந்தண்டு.