மயக்கத்துக்கு ஒரு மெய்சிலிர்ப்புக் குளிசை

"மகள் பள்ளிக்கூடக் காலைக் கூட்டத்தில மூன்று தரம் மயங்கி விழுந்திட்டாள். ஈசிஜி எல்லாம் சரியாம். மாமி நூல் கட்டச் சொல்லுறா. இதுக்குக் குளிசை இல்லையோ?" சுன்னாகத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

நல்லூர்த் தேரன்று வீதியில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வெயில், விரதம், நெரிசல். தேர் அசைய முன்னமே யாரோ ஒருவர் சரிந்துவிடுவார். வடம் பிடிக்கிறவர்களில் ஒருவர் இப்படி விழுந்து நான் கண்டதில்லை. அசையாமல் நிற்கிறவர்கள்தான் விழுவார்கள்.

நிற்கும்போது அரை லீற்றருக்கு மேற்பட்ட குருதி வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கும். கழுத்து நாடியிலுள்ள உணரிகள் அதை மூளைத்தண்டுக்குச் சொல்ல, தானாக இயங்கும் பரிவு நரம்புகள் குருதிக் குழாய்களை இறுக்கும். சிலருக்கு இந்தத் தெறிவினை நடுவில் குப்புறக் கவிழ்ந்துவிடும்: பரிவு நரம்பு பிடியைத் தளர்த்த, வேகஸ் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடும். மூளைக்குக் குருதி ஏழெட்டுச் செக்கன் நின்றாலே நினைவு போய்விடும். விழுந்து கிடந்தால் தானாகத் தெளியும். அதனால் தூக்கி நிறுத்தாமல் காலை உயர்த்துங்கள்.

இதயத்தில்தான் கோளாறு தொடங்குகிறது என்று நம்பி நெடுங்காலம் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீற்றா தடுப்பான் குளிசைகள் கொடுத்தார்கள். 2006இல் வெளியான ஒரு பெரிய சோதனையில் அவற்றில் ஒன்றான மெற்றோப்புரோலோல், வெறும் போலிக் குளிசையை விட ஒன்றும் வெட்டி விழுத்தவில்லை. நரம்புகள் அறுபட்ட மாற்றிதயம் பொருத்தியவர்களும் இப்படி மயங்குகிறார்கள் என்பது, இதயம்தான் காரணம் என்ற நம்பிக்கைக்கு அதைவிடப் பெரிய குட்டு.

எனக்குப் பிடித்தது மிடோட்ரின் என்ற குளிசை. விழுங்கியபடி அது எதற்கும் உதவாது. உடல் அதிலிருந்து கிளைசீன் என்ற துண்டைக் கழற்றிய பிறகே வேலைக்கு இறங்கும். பரிவு நரம்பு இறுக்கச் சொல்லித் தட்டும் அதே அல்பா-1 வாங்கிகளை (குழாய்ச் சுவரில் நரம்பின் சேதியை வாங்கும் புள்ளிகள்), நரம்பு கைவிட்ட நேரத்தில் இது தட்டும். குழாய்கள் இறுகும். அதே வாங்கிகள் மயிரடித் தசைகளிலும் இருப்பதால் தலைத்தோல் கூசி, மயிர் குத்திட்டு நிற்கும். தேர்முட்டியடியில் பக்தருக்கு வரும் மெய்சிலிர்ப்பும் இந்த வழியாகத்தான் வருகிறது!

2021இல் வெளியான சோதனையில் 133 பேர். ஓராண்டுக்குள் மீண்டும் மயங்கியவர்கள் மிடோட்ரின் எடுத்தோரில் 42 வீதம், போலிக் குளிசைக்காரரில் 61 வீதம். காப்புரிமை தீர்ந்த பழைய மருந்தில் எந்தக் கொம்பனி காசு போடும்? கனடாவின் பொதுப்பணம்தான் அதற்கு உதவியது. எங்கள் வெயிலிலும் இதைச் சோதிக்கலாம். நூலுக்கும் தாயத்துக்கும் கொட்டுகிற காசில் கொஞ்சம் போதும்.

அந்தச் சோதனையில் இருந்தவர்கள் வளர்ந்தவர்கள். மகளுக்கு முதலில் உப்பும் தண்ணீரும். கண் இருட்டத் தொடங்கினால் காலைப் பின்னித் தொடையை இறுக்கச் சொல்லுங்கள். ஓடும்போது விழுந்தால் அது வேறு கதை, உடனே இதய வைத்தியரிடம் காட்டுங்கள். குளிசை தேவையா என்பதை வைத்தியர் சொல்லட்டும். தந்தால், படுக்கைக்கு நான்கு மணி நேரம் முன்பே கடைசிக் குளிசை முடிந்திருக்க வேண்டும்; படுத்தால் பிறஷர் எகிறும்.