ஆயிரம் நாளாக ரீபூட் ஆகாத சர்வர்

போன வாரம் இன்னொருவர் தன் லினக்ஸ் சர்வரின் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். அப்டைம் (சர்வர் நிற்காமல் ஓடிய காலம்) 1,127 நாள், பக்கத்திலேயே கைதட்டல் எமோஜி. இந்த வருடத்தில் எனக்கு இது நாலாவது. "சரி, எந்தக் கெர்னல் ஓடுகிறது?" என்றேன். கெர்னல் என்பது சிஸ்டத்தின் மையப் புரோகிராம். "மாதாமாதம் அப்டேட் போட்டுவிடுகிறோம் சார்" என்றார். ஓடுகிற கெர்னலைக் காட்டும் யூநேம் கமாண்டை அடித்துப் பார்த்தால் மூன்று வருடத்துக்கு முந்தையது. பூட் டைரக்டரியில் புதுக் கெர்னல்கள் சும்மா உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றுகூட ஒருநாளும் ஓடியதில்லை.

தலையில் அடித்துக்கொள்ள வைப்பது இதுதான். அப்டேட் போட்டால் டிஸ்க்கில் இருக்கிற ஃபைல் மாறும், அவ்வளவே. மெமரியில் ஏறிவிட்ட கெர்னல் ரீபூட் செய்கிறவரை பழையதேதான். பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்கிற லைப்ரரிகளுக்கும் இதே கதை. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, அது இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்கிற என்க்ரிப்ஷன் லைப்ரரியை அப்டேட் செய்துவிட்டு வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய மறந்தவர்களுக்கு ஓட்டை அடைபடவே இல்லை. பேக்கேஜ் வெர்ஷனை மட்டும் பார்க்கிற ஸ்கேனர் பச்சை காட்டும், ஆடிட்டரும் டிக் போட்டுவிட்டுப் போவார். மறுபடியும் சொல்கிறேன், இன்ஸ்டால் ஆனது வேறு, ஓடுவது வேறு.

"ரீபூட் செய்தால் எழுந்திருக்குமோ என்று பயம் சார்." அப்புறம்தான் நிஜக் காரணம் வெளியே வந்தது. நியாயமான பயம். ராத்திரி ஒன்றரைக்கு ரீபூட் செய்தோம், எழவில்லை. எப்போதோ கழற்றிய டிஸ்க் ஒன்று, பூட் ஆகும்போது ஏற்ற வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியலான எஃப்எஸ்டேபில் அப்படியே இருந்ததால் எமர்ஜென்சி மோடில் நின்றுவிட்டது. அந்த வரியை கமென்ட் செய்து (செயல்படாமல் ஆக்கி) எழுப்பினால் டேட்டாபேஸைக் காணோம்: யாரோ கையால் ஸ்டார்ட் செய்துவிட்டு, பூட் ஆனதும் தானாக எழும்படி எனேபிள் செய்யாமல் விட்டிருக்கிறார், அவர் வேலையை விட்டே போய்விட்டாராம். நேரம் குறித்து, கன்சோலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்ததால் நாற்பது நிமிடத்தோடு போயிற்று. பட்டப்பகலில் கரன்ட் போய் விழுந்திருந்தால்?

ஓடுகிற கெர்னலை ரீபூட் இல்லாமலே திருத்துகிற லைவ் பேட்ச் இருக்கிறதே என்பார்கள். ரீபூட்டைத் தள்ளிப்போட உதவும், ரத்து செய்யாது.

தயவுசெய்து மாதம் ஒரு ராத்திரியை ரீபூட்டுக்கென்று ஒதுக்குங்கள். நிறுத்தவே முடியாத சேவை என்றால் வேலையைப் பிரித்துக்கொடுக்கிற லோட் பேலன்சருக்குப் பின்னால் இரண்டு சர்வர் வைத்து ஒவ்வொன்றாக ரீபூட் செய்யுங்கள். ஒன்றை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்றால் பிரச்சினை ரீபூட்டில் இல்லை. அப்டேட் முடிந்ததும் நீட்ரீஸ்டார்ட் என்கிற கருவியை ஓட்டிப் பாருங்கள், பழைய லைப்ரரியைப் பிடித்துக்கொண்டிருக்கிற சர்வீஸ்களை அதுவே சொல்லிவிடும். ரொம்ப நாள் ஓடின சர்வர் என்றால் பேக்அப்பைச் சரிபார்த்துவிட்டு, அப்டேட் போடுவதற்கு முன்பே ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். எழவில்லை என்றால் பழி புது பேட்ச்மேல் விழாது.

ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியவருடைய அப்டைம் இப்போது 5 நாள். அடுத்த ரீபூட் தேதியைக் காலண்டரில் போட்டாரா என்று இன்று சாயங்காலம் கேட்க வேண்டும்.